இராமாவிற் கேட்ட குரல்: கிறிஸ்து பிறப்பை அடுத்த ஞாயிற்று மறையுரை

கிறிஸ்து பிறப்புத் திருநாளின் மறையுரைக்குத் திருவருகைக் காலம் முழுதும், அஃதாவது ஏறத்தாழ நான்கு வாரம், ஆயத்தம் நடைபெறும். அதனை அடுத்து வரும் ஞாயிற்றின் மறையுரைக்கோ சில நாள்களே எஞ்சும். அந்நாள்களும் விழாக்களைப்பிலும் விருந்தோம்பலிலும் கழிந்துவிடும். கோவிலில் கூட்டம் குறைந்திருக்கும். பாடகர் குழுவினர் சிலர் ஊருக்குச் சென்றிருப்பர். ஆதலின் அதனை எளிய ஞாயிறு என்று கருதுவோர் உளர். உண்மையில், மறையுரையாளரின் நேர்மையை மிகுதியாகச் சோதிக்கும் ஞாயிறுகளுள் அஃது ஒன்று. அதன் காரணத்தையும், அதற்கேற்ப மறையுரை ஆக்கப்படும் முறையையும் ஈண்டுக் காணலாம்.

மறையுரை என்பது கத்தோலிக்கரின் வழக்கு. சீர்திருத்தச் சபையார் பிரசங்கம் என்றும் அருளுரை என்றும் கூறுவர். பெயர் வேறாயினும் பணி ஒன்றே. வழிபாட்டில் வாசிக்கப்பட்ட திருமறைப் பகுதியை விளக்கி, அதனைக் கேட்போரின் வாழ்வோடு பொருத்திக் காட்டுதலே அப்பணியாகும்.

மூன்றாண்டு வாசகங்கள்

எந்த ஞாயிற்றில் எப்பகுதியை வாசிப்பது என்பதைப் பல சபைகளில் மறையுரையாளர் தாமே தேர்ந்துகொள்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் மூன்றாண்டு வாசக அட்டவணை ஒன்றை வெளியிட்டது. அதனை அடியொற்றி, சீர்திருத்தச் சபைகள் பலவற்றுக்கும் பொதுவான திருத்திய அட்டவணை 1992இல் வெளிவந்தது. ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகள் பல இதனைப் பின்பற்றுகின்றன.

இப்பொது அட்டவணைப்படி, பிறப்பு விழாவை அடுத்த ஞாயிற்றில் இரண்டாம் ஆண்டு சிமியோனும் அன்னாளும் குழந்தையைக் கோவிலிற் கண்ட செய்தி வாசிக்கப்படும். மூன்றாம் ஆண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய இயேசு கோவிலில் போதகரிடையே அமர்ந்திருந்த செய்தி வாசிக்கப்படும். முதலாம் ஆண்டிற்கு உரியது மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம், 13 முதல் 23 வரையுள்ள வசனங்கள். குழந்தையோடு பெற்றோர் இரவில் எகிப்துக்கு ஓடியதும், ஏரோது மன்னன் பெத்லகேமிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்மக்களைக் கொல்வித்ததும், பின்பு அக்குடும்பம் நாசரேத்தில் குடியேறியதும் அப்பகுதியிற் கூறப்படுகின்றன. தேவதூதர் பாடிய மகிழ்ச்சி அடங்குமுன்னரே தாய்மாரின் அழுகுரல் எழுகின்றது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த ஞாயிறு திருக்குடும்பத் திருநாளாகும். முதலாம் ஆண்டில் அங்கும் மத்தேயுவின் இதே பகுதியே வாசிக்கப்படுகின்றது. ஆயினும் கொலையைக் கூறும் 16 முதல் 18 வரையுள்ள மூன்று வசனங்கள் அன்று விடப்படுகின்றன. அவை மாசற்ற குழந்தைகள் நாளாகிய டிசம்பர் 28க்கு உரியவை. அந்நாள் பெரும்பாலும் வார நாளாக அமைதலின், ஞாயிறு மட்டும் கோவிலுக்கு வருவோர் அவ்வசனங்களைக் கேட்பதரிது. 2025இல் டிசம்பர் 28ஆம் நாளே ஞாயிறாக அமைந்தபோதும், திருக்குடும்பத் திருநாளே முதன்மை பெற்றது.

விடுதற்கு முறையான காரணம் உண்டு; குடும்பத்தைச் சிறப்பிக்கும் நாளில் குடும்பத்தைப் பற்றிய பகுதி வாசிக்கப்படுகின்றது. எனினும் மறையுரையாளர் அறிந்துகொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எகிப்துக்கு ஓடியதன் காரணம் அம்மூன்று வசனங்களிலேதான் முழுமையாக விளங்குகின்றது. அவற்றை வாசியாவிடினும், அறியாதவர்போற் பேசுதல் கூடாது.

சொல் நோக்கு

ஆயத்தத்தின் முதற்படி, பகுதியை வாய்விட்டுப் பலமுறை வாசித்தலாகும். விளக்கவுரை நூல்களை அதற்குப் பின்னரே திறத்தல் வேண்டும். அவ்வாறு வாசிப்போர்க்கு இப்பகுதியில் ஒரு நுண்ணிய வேறுபாடு புலப்படும்.

மத்தேயு பழைய தீர்க்கதரிசனங்கள் நிறைவேறியதை இப்பகுதியில் மூன்று இடங்களிற் சுட்டுகின்றார். எகிப்துக்குச் சென்றதைக் கூறும்போதும், நாசரேத்தில் குடியேறியதைக் கூறும்போதும், தீர்க்கதரிசனம் ‘நிறைவேறும்படி’ அது நடந்தது என்கின்றார். கிரேக்க மூலத்திலும் அவ்விடங்களில் நோக்கப் பொருள் தரும் சொற்களே உள்ளன. குழந்தைகள் கொல்லப்பட்டதைக் கூறும் இடத்திலோ அச்சொல் இல்லை. ‘அப்பொழுது’ நிறைவேறிற்று என்று மட்டுமே எழுதுகின்றார். சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் தமிழ் மொழிபெயர்ப்பும் இவ்வேறுபாட்டைக் காத்துள்ளது.

முன்னையது நோக்கத்தைக் காட்டுவது. பின்னையது காலத்தைக் காட்டுவது. இறைவனின் திட்டம் நிறைவேறும் பொருட்டுக் குழந்தைகள் கொல்லப்பட்டனர் என்று மத்தேயு எழுதவில்லை. இவ்வாறே 27ஆம் அதிகாரத்தில், யூதாசு பெற்ற முப்பது வெள்ளிக்காசைப் பற்றிக் கூறுமிடத்தும் ‘அப்பொழுது’ என்றே எழுதுகின்றார். கொடுமையின் பொறுப்பை இறைவன்மீது ஏற்றாமல் எழுதிய எழுத்து இஃது என விளக்கவுரையாளர் பலர் கருதுவர். ஒரு சொல்லை ஊன்றிப் படித்தலால் ஒரு மறையுரையின் போக்கே மாறுதல் கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மற்றொரு சொல்லும் நோக்கத்தக்கது. ஏரோது ஒருவனே இறந்திருக்க, குழந்தையின் உயிரை வாங்கத் தேடினவர்கள் இறந்துபோயினர் என்று தூதன் பன்மையிற் கூறுகின்றான். யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தில் மோசேக்குக் கூறப்பட்ட சொற்களின் எதிரொலி இது. எபிரேய ஆண்மக்களைக் கொல்ல ஆணையிட்ட பார்வோனும், அவன் கைக்குத் தப்பிய மோசேயும் இதனால் நினைவூட்டப்படுகின்றனர்.

வரலாறு கூறுவது

அடுத்த படி வரலாற்றை அறிதல். ஏரோது உரோமரின் ஆதரவால் யூதேயாவை ஆண்டவன். எருசலேம் கோவிலைப் பெரிதாகக் கட்டுவித்தவனும் அவனே. தன் மனைவி மரியம்னேயைக் கி.மு. 29இலும், அவள் பெற்ற மக்களாகிய அலெக்சாந்தர், அரிஸ்தொபூலு இருவரையும் கி.மு. 7இலும் கொல்வித்தான். கி.மு. 4இல், தான் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் மற்றொரு மகனாகிய அந்திப்பாத்தரையும் கொல்வித்தான். தன் சாவன்று நாடு அழவேண்டும் என்பதற்காக, யூதத் தலைவர்களை எரிகோவில் அடைத்து, தன் உயிர் பிரிந்தவுடன் அவர்களைக் கொல்லுமாறு ஆணையிட்டான் என்று யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அவ்வாணை நிறைவேற்றப்படவில்லை.

இத்துணையும் எழுதிய அவ்வாசிரியர் பெத்லகேம் கொலையைக் குறிப்பிடவில்லை. ஆதலின் அந்நிகழ்ச்சியை ஐயுறும் ஆய்வாளர் உளர். பெத்லகேம் அன்று சிற்றூர். கொல்லப்பட்டோர் இருபதின்மர் அளவில் அல்லது அதனினும் குறைவாக இருந்திருப்பர். ஏரோதின் கொடுமைகளிடையே அது பதியப்படாமற் போயிருக்கலாம் என்று விடையிறுப்போரும் உளர். கிழக்குத் திருச்சபையின் வழிபாட்டு மரபு 14,000 பேர் எனக் கூறும். மறையுரையாளர் பெருந்தொகையைக் கூறி உள்ளத்தை உருக்க முயலுதல் வேண்டியதில்லை. தொகை சிறிதென்பதால் ஒரு தாயின் துயரம் சிறிதாகிவிடாது.

இராகேல் அழுதல்

கொலையைக் கூறியதும் மத்தேயு தம் சொல்லால் விளக்கம் எதுவும் எழுதவில்லை. எரேமியாவின் 31ஆம் அதிகாரத்திலிருந்து ஓர் அழுகுரலை எடுத்து வைக்கின்றார். இராமாவில் இராகேல் தன் மக்களுக்காக அழுகின்றாள். அவர்கள் இல்லாமையால் தேறுதல் பெற மறுக்கின்றாள்.

இராகேல் யாக்கோபின் மனைவி. பென்யமீனைப் பெற்றபோது வழியில் இறந்தவள். ஆதியாகமம் அவள் கல்லறையைப் பெத்லகேமுக்குச் செல்லும் வழியோடு தொடர்புபடுத்துகின்றது. இராமாவோ எருசலேமுக்கு வடக்கே ஏறக்குறைய 8 கி.மீ. தொலைவில் உள்ளது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்தபோது, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் விலங்கிடப்பட்டு இராமாவில் நிறுத்தப்பட்டதை எரேமியாவின் 40ஆம் அதிகாரம் கூறும். பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த அன்னை ஒருத்தி, தன் வழித்தோன்றல்கள் சிறை செல்வதைக் கண்டு அழுவதாகத் தீர்க்கதரிசி பாடினார். அதே அன்னை பெத்லகேம் குழந்தைகளுக்காகவும் அழுகின்றாள் என்கின்றார் மத்தேயு.

எரேமியாவின் நூலில் இவ்வசனத்தை அடுத்து, அழுகையை நிறுத்து, உன் மக்கள் திரும்பி வருவர் என்னும் நம்பிக்கை மொழி உள்ளது. மத்தேயு அதனை எழுதவில்லை, அழுகையோடு நிறுத்திக்கொண்டார். பழைய நூலை நன்கறிந்த அக்காலத்தாருக்கு அடுத்த வசனம் நினைவுக்கு வந்திருக்கலாம். ஆயினும் அதனை விரைந்து கூறிவிட அவர் விரும்பவில்லை. கையறுநிலைப் பாடல்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. இறந்தோரை எண்ணிச் செயலற்று இரங்கும் அப்பாடலின் இறுதியில் ஆறுதல் ஒன்றைச் சேர்த்தெழுதின், பாடல் கெடும்.

தவிர்க்கத்தக்க மூன்று பிழைகள்

இப்பகுதியைக் கையாள்வதில் மூன்று பிழைகள் நேரக்கூடும். ஒன்று மறைத்தல். 16ஆம் நூற்றாண்டில் பீட்டர் புரூகல் என்னும் பிளமிய ஓவியர் இக்கொலையைத் தம் நாட்டுப் பனி படர்ந்த சிற்றூர் ஒன்றில் நிகழ்வதாகத் தீட்டினார். அவ்வோவியம் பின்னர்ப் பேரரசர் இரண்டாம் ருடோல்பின் கைக்குப் போயிற்று. குழந்தைகளின் உருவங்கள்மேல் மூட்டைகளும் விலங்குகளும் பிறவும் தீட்டப்பட்டன. இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் தொகுப்பில் உள்ள அவ்வோவியத்தில், தாய் ஒருத்தி தன் மடியிலுள்ள மூட்டையைப் பார்த்து அழுகின்றாள். கொலைக்காட்சி கொள்ளைக்காட்சியாக மாறிவிட்டது. ஆனால் அழுகையை மறைக்க இயலவில்லை. விழா மகிழ்ச்சி கெடுமென்று அஞ்சிப் பேசும் மறையுரையும் இத்தகையதே.

இரண்டாவது நியாயம் கற்பித்தல். ஒரு குழந்தை காக்கப்பட, மற்றக் குழந்தைகள் ஏன் காக்கப்படவில்லை என்னும் வினா பழையது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்தியைத் தொடர்ந்து விளக்கிய யோவான் கிறிசோஸ்தோம், இவ்வினாவை மக்கள் முன்னிலையிலேயே எழுப்பினார். அநியாயமாகப் படும் துன்பம் வீண்போகாது, இறைவன் அதற்குக் கைம்மாறு அளிப்பார் என்பது அவர் கூறிய விடையின் சாரம். அவ்விடையை ஏற்போர் உண்டு. அதனால் அமைதியடையாதோரும் உண்டு. வினாவை மறைக்காமற் கேட்டதே அவரிடம் முதற்கண் கற்கத்தக்கது. மத்தேயு கூறாத காரணத்தை மறையுரையாளர் உறுதியாகக் கூறுவது தகாது. மகனை இழந்த தாய் ஒருத்தி அன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கலாம். யாவும் நன்மைக்கே என்னும் ஒரு சொல் அவளை மீண்டும் கோவிலுக்கு வராமற் செய்துவிடக்கூடும்.

மூன்றாவது மிகைப்படுத்தல். கொலையை விரித்து வருணிப்பதும், நாட்டுச் செய்திகளை அடுக்கிச் சினத்தை மூட்டுவதும் மறையுரையாகா. இரவோடிரவாக எல்லை கடந்த குடும்பத்தைப் பற்றிப் பேசுமிடத்து இன்றைய அகதிகளை நினைவூட்டுவது பொருத்தமே. ஆயினும் அது பகுதியிலிருந்து எழவேண்டும். பகுதி அதற்குச் சாக்காகிவிடலாகாது.

கருத்தைத் தெளிதல்

இவற்றைத் தவிர்த்தபின் கூறுதற்கு எஞ்சுவது யாது? உடன்வரும் வாசகங்கள் அதற்கு வழி காட்டுகின்றன. முதலாம் ஆண்டில், மக்களின் துன்பத்தில் இறைவனின் இரக்கத்தை நினைவுகூரும் ஏசாயா 63ஆம் அதிகாரப் பகுதியும், எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரப் பகுதியும் வாசிக்கப்படும். மானிடரின் ஊனிலும் குருதியிலும் கிறிஸ்து பங்குகொண்டார். தாமே துன்புற்றமையால் துன்புறுவோர்க்குத் துணை நிற்க வல்லவரானார் என்பது பின்னதன் கருத்து.

மத்தேயுவின் நூலிலும் இதற்கு ஒரு சான்றுண்டு. யூதரின் அரசர் என்னும் பெயர் இரண்டாம் அதிகாரத்தில் கீழ்த்திசை ஞானியர் வாயில் வருகின்றது. பின்பு அது 27ஆம் அதிகாரத்தில், பிலாத்துவின் விசாரணையிலும் சிலுவையின்மேல் எழுதிய எழுத்திலும் வருகின்றது. பெத்லகேமில் தப்பிய குழந்தை எருசலேமில் தப்பவில்லை. அவர் மற்றக் குழந்தைகளை விட்டு ஓடிப்போனவர் அல்லர். அவர்கள் அடைந்த முடிவை நோக்கியே நடந்தவர் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. இது வினாவுக்கு முழு விடையன்று. ஆயினும் மத்தேயு தரும் செய்தி இதுவே.

ஆக்கும் முறை

கருத்துத் தெளிந்தபின், மறையுரை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தல் நன்று. அவ்வாக்கியத்துக்கு உதவாத செய்தி எத்துணைச் சுவையுடையதாயினும் நீக்கப்படல் வேண்டும். ஏரோதின் வரலாறு முழுவதும் அன்று வேண்டுவதன்று. இரண்டு செய்தி போதும். கற்பித்தல், இன்புறுத்தல், உள்ளத்தை இயக்குதல் என்னும் மூன்றையும் அறிஞர் அகுஸ்தீன், சிசரோவைப் பின்பற்றி, பேசுவோரின் கடமைகளாகக் கூறினார். இந்த ஞாயிற்றில் இன்புறுத்தல் அடங்கியே நிற்கும்.

அளவும் கருதத்தக்கது. ஆயத்தத்துக்கு நெடுநேரம் ஒதுக்குமாறு 2013இல் எழுதிய மடலொன்றில் வற்புறுத்திய போப்பாண்டவர் பிரான்சிஸ், மறையுரை எட்டு நிமிடத்துக்கு மேற்படலாகாது என்று 2024இல் கூறினார். சிறிது பேசுதற்கே மிகுதியாக உழைத்தல் வேண்டும். ஆதலின் இம்மறையுரையின் ஆய்வுப் பகுதியைத் திருநாளுக்கு முன்னரே முடித்துவைத்து, இறுதி வடிவத்தை மட்டும் திருநாளுக்குப் பின் அமைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

அன்றைய சங்கீதம் 148 வானத்தையும் கடலையும் முதியோரையும் பிள்ளைகளையும் இறைவனைப் புகழுமாறு அழைக்கின்றது. மகிழ்ச்சிப் பாடலும் அழுகுரலும் ஒரே வழிபாட்டில் அமைந்துள்ளன. ஒன்றினால் மற்றொன்றை அடக்கிவிடாமல், இரண்டும் கேட்குமாறு பேசுதலே அன்று மறையுரையாளர் கடமை. இராகேல் தேறுதல் பெற மறுத்தாள் என்று மத்தேயு எழுதினார்; அவளைச் சில நிமிடங்களில் தேற்றிவிட்டதாக மறையுரையாளர் எண்ணுதல் பொருந்தாது. அவள் அழுகையை ஊரார் கேட்கச் செய்து, அவளோடு நிற்போர் உளர் என்பதை உணர்த்தினால், அந்த ஞாயிற்றின் பணி நிறைவேறியதாகும்.