இணையம் எங்கே அறுந்தது?

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை 4 மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியல் கல்லூரியில் சேரக் காத்திருந்தவள் அவள். தான் விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தி இணையத்தின் வழியே பதிவு செய்ய அன்று 5 மணியோடு கெடு முடிகிறது.

"சார், நெட் வரலை. வைஃபை கோடு முழுசா காட்டுது. ஆனா ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்றாள்.

இயற்பியல் ஆசிரியர் என்றால் எல்லா மின்கருவிகளும் அவருக்கு அத்துப்படி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். கடவுச்சொல்லை மாற்றினேன். கைபேசியில் அமைப்புகளை அழித்தேன். கடைசியில் ரௌட்டரின் பின்புறத்துச் சிறு துளையில் குண்டூசியை விட்டு அழுத்தினேன். அவ்வளவுதான், அதில் சேமித்திருந்த இணைப்பு விவரங்கள் அனைத்தும் அழிந்துவிட்டன. ஒரு கோளாறு இருந்த இடத்தில் இப்போது இரண்டு!

நல்லவேளையாக அவளுடைய அப்பா வேலையிலிருந்து திரும்பினார். அவரது கைபேசியின் இணையத்தைக் கணிப்பொறிக்குப் பகிர்ந்து, கெடுவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது பதிவை முடித்தாள். மறுநாள் வந்த லைன்மேன் எந்தக் கருவியையும் தொடவில்லை. ரௌட்டரின் விளக்குகளை ஒரு முறை பார்த்தார். "வீட்ல பீரோவை நகர்த்தினீங்களா?" என்று கேட்டார். முதல் நாள் நகர்த்தியிருந்தார்கள். பீரோவின் காலுக்கும் சுவருக்கும் நடுவே ஒளியிழை மடங்கிக் கிடந்தது. அதை விடுவித்து நேராக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் அழித்ததைத் திரும்பப் பதிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போனது இயற்பியல் அன்று, சோதிக்கும் முறை. அந்த முறையை இங்கே பார்ப்போம்.

பாதையை அறிவோம்

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது செய்தி பல கட்டங்களைக் கடந்து செல்கிறது. முதல் கட்டம் உங்கள் கைபேசி அல்லது கணிப்பொறி. இரண்டாவது, அதிலிருந்து ரௌட்டர் வரை உள்ள வைஃபை அலை. மூன்றாவது ரௌட்டர். நான்காவது, வீட்டிலிருந்து இணைப்பு தரும் நிறுவனம் வரை ஓடும் கண்ணாடி இழை. ஐந்தாவது அந்த நிறுவனமும் அதற்கப்பால் உள்ள உலகமும்.

இந்தக் கட்டங்கள் தொடரிணைப்பில் உள்ளவை. ஒன்று அறுந்தாலும் திரையில் தெரியும் விளைவு ஒன்றே: பக்கம் திறக்காது. கைபேசியில் தெரியும் வைஃபை கோடுகளோ இரண்டாம் கட்டத்தின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. இழை அறுந்திருந்தாலும் கோடுகள் முழுமையாகவே இருக்கும். அன்று எங்களை ஏமாற்றியது இதுதான்.

நடுவில் சோதியுங்கள்

கோயில் திருவிழாவில் பழைய 'சீரியல் செட்' விளக்குச் சரத்தைப் பார்த்திருப்பீர்கள். 32 பல்புகள் தொடரிணைப்பில் உள்ளன, ஒன்றில் இழை அறுந்துவிட்டது, எல்லாம் அணைந்துவிட்டன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் 32 முறை முயல நேரலாம். தேர்ந்த மின்பணியாளர் சரத்தின் நடுவில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். அதுவரை மின்சாரம் வந்திருந்தால் கோளாறு அடுத்த பாதியில் உள்ளது. மீதமுள்ள 16-ஐ மீண்டும் பாதியாக்குவார். 16, 8, 4, 2, 1 என ஐந்தே சோதனைகளில் பழுதான பல்பு அகப்படும். (இதை நீங்கள் மின்சாரத்தில் செய்து பார்க்க வேண்டாம், கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

இணையத்திலும் இப்படியே பாதியாக்கலாம். முதல் கேள்வி: வீட்டிலுள்ள மற்றொரு கைபேசியில் அதே வைஃபை வேலை செய்கிறதா? செய்தால் பழுது முதல் கைபேசியில்தான். ரௌட்டரைத் தொடவே வேண்டாம். எதிலும் வரவில்லை என்றால் பழுது ரௌட்டரிலோ அதற்கப்பாலோ இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: எல்லாப் பக்கங்களும் திறக்கவில்லையா, ஒரு பக்கம் மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் கைபேசியின் சிம் கார்டு இணையத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லையானால் பழுது பெரும்பாலும் அந்தப் பக்கத்தை நடத்துவோரிடம்தான். கடைசி நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மொய்க்கும் பக்கங்களில் இது அடிக்கடி நேர்கிறது.

விளக்குகள் சொல்லும் செய்தி

இழை இணைப்பு உள்ள வீடுகளில் ரௌட்டரின் முகப்பில் சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். கருவிக்குக் கருவி பெயர்கள் சற்று மாறும். பொருள் ஏறக்குறைய ஒன்றே. 'பவர்' என்பது மின்சாரம். 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் நிறுவனத்தின் ஒளிக்கருவியோடு நம் கருவி பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 'எல்.ஓ.எஸ்.' சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ இழை வழியே போதிய ஒளி வரவில்லை என்று பொருள். 'பான்' பச்சையாக இருந்து 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் எரியவில்லையானால் ஒளி வருகிறது, ஆனால் நிறுவனம் நம் இணைப்பை ஏற்கவில்லை. மாதக் கட்டணம் கட்டினோமா என்று பார்ப்பதும் ஒரு சோதனையே!

அன்று அந்தச் சிவப்பு விளக்கு என் கண்ணெதிரே எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் பார்க்கவில்லை.

மடங்கிய கண்ணாடி

பீரோவின் கால் எப்படி ஒளியை நிறுத்தியது? முழு அக எதிரொளிப்பைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒளியிழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரான் விட்டமுள்ள கண்ணாடி. அதைச் சுற்றி 125 மைக்ரான் விட்டம் வரை ஒளிவிலகல் எண் சிறிதே குறைந்த மற்றொரு கண்ணாடி உறை. இவற்றுக்கிடையே மாறுநிலைக் கோணம் சுமார் 85 பாகை. ஒளி இதைவிடப் பெரிய கோணத்தில், அதாவது சுவரை உரசினாற்போல் பட்டால் உள்ளேயே எதிரொளிக்கும். இழை நேராகவோ மெல்ல வளைந்தோ இருக்கும்வரை இந்த நிபந்தனை நிறைவேறுகிறது. இழையை மடக்கினால் படுகோணம் குறைந்து ஒளி உறைக்குள் கசிந்துவிடுகிறது. இவ்வளவு மெல்லிய இழையில் ஒளியை அலையாகக் கொண்டே முழுமையாக விளக்க முடியும். ஆயினும் கசிவைப் புரிந்துகொள்ள இந்தக் கதிர்ப்படம் போதும்.

கண்ணாடி வழியே நெடுந்தொலைவு செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். அன்றைய கண்ணாடியில் ஒளி குறைந்துபோனதற்குப் பெருங்காரணம் அதிலிருந்த மாசுகளே என்றனர். 1 கி.மீ. கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. இன்றைய நல்ல இழையில் 1 கி.மீ. கடந்தபின் சுமார் 95 சதவீதம் எஞ்சுகிறது. காவ் 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். 20 கி.மீ. தாண்டி வரக்கூடிய ஒளியை வீட்டுக்குள் ஒரு மடிப்பு நிறுத்திவிடுகிறது!

நிறுவனத்திலிருந்து வரும் ஒளி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படுவதும் உண்டு. ஆகவே நம் கருவியை அடையும் ஒளியின் திறன் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கோ அதிலும் குறைவோ இருக்கலாம். ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போனால் பெரும்பாலான கருவிகள் திணறும். ஆகவே இழையைக் கூர்மையாக மடக்காதீர்கள். ஆணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள். ஓர் எச்சரிக்கை: 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது.

சுவரும் தண்ணீரும்

விளக்குகள் யாவும் சரியாக இருந்தும் படுக்கையறையில் மட்டும் இணையம் தேங்குகிறதா? கைபேசியை ரௌட்டருக்கு இரண்டு மீட்டர் அருகே கொண்டு வாருங்கள். அங்கே ஓடினால் பழுது வைஃபை அலையின் பாதையில் உள்ளது.

வைஃபை பயன்படுத்தும் ஒரு அதிர்வெண் 2.4 கிகா ஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் 12.5 செ.மீ. என்று கிடைக்கும். மற்றொன்றான 5 கிகா ஹெர்ட்ஸுக்கு 6 செ.மீ. இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியின் உலோகப் பூச்சும் இவ்வலைகளை எதிரொளிக்கும். தண்ணீர் உறிஞ்சும். கம்பி வைத்த கான்கிரீட் சுவர் பெரிதும் தடுக்கும். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமாகச் செய்தி கொண்டுவரும். சுவர் தாண்டுவதில் 2.4-ஐவிடப் பலவீனமானது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதோ சுமார் 2.45 கிகா ஹெர்ட்ஸில். அதிலிருந்து கசியும் சிறிதளவு அலைகூட அருகிலுள்ள வைஃபையைக் குழப்பும். ரௌட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பது இக்காரணங்களால்தான்.

'பிங்' என்னும் எதிரொலி

கணிப்பொறி இருந்தால் இன்னும் துல்லியமாகச் சோதிக்கலாம். 1983-இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் ஒரு சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியைப் போல ஒரு செய்தியை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அது அளக்கிறது. அதற்குச் சோனார் ஒலியையே பெயராக்கி 'பிங்' என்றார். விண்டோஸ் கணிப்பொறியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, பிங் என்பதை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு எண்முகவரியைக் கொடுங்கள்.

முதலில் ரௌட்டரின் முகவரி. பல வீடுகளில் இது 192.168.1.1. உங்கள் ரௌட்டரின் அடியிலுள்ள சீட்டில் அச்சிட்டிருக்கும். பதில் வரவில்லையானால் பழுது கணிப்பொறிக்கும் ரௌட்டருக்கும் இடையில். அடுத்து 8.8.8.8 என்னும் வெளியுலக முகவரி. ரௌட்டர் பதில் தந்து, இது தராவிட்டால் பழுது இழையிலோ நிறுவனத்திலோ. மூன்றாவதாக, எண்ணுக்குப் பதில் ஏதேனும் ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் 'டி.என்.எஸ்.' என்ற முகவரிப் புத்தகம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: சில தளங்கள் பிங்குக்குப் பதில் தருவதே இல்லை. எனவே ஒரு தளத்தின் மௌனத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று பெயர்களைப் பாருங்கள்.

பதில் வரும் நேரத்தையும் கவனியுங்கள். இழையில் ஒளியின் வேகம் விநாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. அதாவது 1 மில்லி விநாடிக்கு 200 கி.மீ. இழை நேர்க்கோட்டில் ஓடினாலும் சென்னையிலிருந்து தில்லி சென்று திரும்பும் சுமார் 3,500 கி.மீ.க்கு 17 மில்லி விநாடிக்குக் குறையாமல் ஆகும். பக்கத்து அறையிலுள்ள ரௌட்டருக்கே நூறு மில்லி விநாடி ஆகிறதென்றால், தொலைவு காரணமாக இருக்க முடியாதல்லவா? வைஃபையைச் சந்தேகியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ரௌட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுவது நல்ல வைத்தியமே. அதன் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்த குழப்பம் அழிந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆனால் துளையில் ஊசியை விடுவது வேறு. அது நிரந்தர விவரங்களையே அழித்துவிடும். அதைத் தொடாதீர்கள்.

அணைத்துப் போட்டபின் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து விளக்குகளைப் பாருங்கள். சரியாகவில்லையானால் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள். நான் செய்ததுபோல் நான்கு மாற்றங்களை ஒருசேரச் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒரே ஓர் அளவை மாற்றுகிறோமே, அதே விதிதான் இங்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, இணையம் நன்றாக ஓடும்போது, ஒரு சோதனை செய்யுங்கள். ரௌட்டரில் எந்தெந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரௌட்டருக்கும் 8.8.8.8-க்கும் பிங் நேரத்தை அளந்து எழுதுங்கள். உடலின் இயல்பான வெப்பநிலை தெரிந்தால்தானே காய்ச்சலை அறிய முடியும்?

பக்கத்து வீட்டு ரௌட்டருக்கு மேலே இப்போது அப்படி ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. நான்கு விளக்குகள், இரண்டு எண்கள். அதற்கடியில் அந்தப் பெண் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "பீரோவை நகர்த்தும் முன் பின்னால் பார்க்கவும்."