கிணற்றின் அளவறிந்து மோட்டார் வாங்குவோம்

குழாயைத் திறந்தவுடன் நீர் வரும்வரை, நிலத்தடியில் தொங்கிக்கொண்டிருக்கும் மோட்டாரை நாம் நினைப்பதில்லை. அது நின்றுபோன நாளில்தான் அதன் அருமை தெரிகிறது. குழாய்களைக் கழற்றி மேலே தூக்கக் கூலி, காயில் கட்டும் செலவு, அதுவரை லாரித் தண்ணீர் என, பல மாதச் சேமிப்பு சில நாள்களில் கரைந்துவிடுகிறது. இத்தகைய பழுதுகள் பலவற்றுக்கு, கிணற்றுக்குப் பொருந்தாத மோட்டாரை வாங்கியதே காரணம்.

குதிரைத்திறன் கூடினால் நீரும் கூடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் கிணறு ஊறும் அளவுக்கு மேல் எந்த மோட்டாராலும் இறைக்க இயலாது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்துள்ள நீரே. ஊற்றைவிட வேகமாக இறைத்தால் நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே இறங்கிவிடும். மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறிக் கருகும். தக்காணப் பீடபூமியின் கடும்பாறைப் பகுதிகளில் பெரும்பாலும் பாறை வெடிப்புகளிலேயே நீர் ஊறுவதால், அங்கு இந்த ஆபத்து மிகுதி.

எனவே கடைக்குச் செல்லுமுன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்வோம்: கிணறு மணிக்கு எத்தனை லிட்டர் ஊறுகிறது, இறைக்கும்போது நீர்மட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறது, மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் உள்ளது. தரைக்கு மேல் வைக்கும் சாதாரணப் பம்பு, நடைமுறையில் சுமார் 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். அதற்கும் கீழே நீர் இருந்தால் நீர்மூழ்கிப் பம்பே பொதுவாக ஏற்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், ஐவர் உள்ள குடும்பத்திற்கு 675 லிட்டர் போதும். கிணறு மணிக்கு 1,500 லிட்டர் ஊறுகிறது; இறைக்கும்போது நீர்மட்டம் 45 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது; தொட்டியின் உயரம் 10 மீட்டர்; குழாய் உராய்வுக்கு 5 மீட்டர். ஆக மொத்தம் 60 மீட்டர். அந்த உயரத்திற்கு மணிக்கு 1,200 லிட்டர் ஏற்றும் பம்பு, அன்றாடத் தேவையை ஏறத்தாழ 35 நிமிடத்தில் நிறைவு செய்யும். இதற்கு ஒரு குதிரைத்திறன் பொதுவாகப் போதுமானது. பம்பின் விவரப் பட்டியலில் 60 மீட்டருக்கு நேரே உள்ள லிட்டர் அளவைக் கேட்டு வாங்குவோம். பட்டியலில் காணும் மிக உயர்ந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்ப்போம், நீர்மூழ்கிப் பம்புசெட்டுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 8034 ஆகும்.

பொருத்தும்போது பம்பைக் கிணற்றின் அடித்தரையில் நிறுத்தாமல், சேறும் மணலும் எட்டாதபடி சற்று மேலே தொங்கவிட வேண்டும். கேபிளைப் பிடித்து இறக்குவதோ தூக்குவதோ கூடாது. அதற்கெனத் தனிக் கயிறு வேண்டும். மோட்டாருக்கு நில இணைப்பு இன்றியமையாதது. நீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியையும் சேர்த்தே வாங்குவோம்.

பராமரிப்பில் நமக்கு உற்ற துணை, ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள ஆம்மீட்டர். புதிய மோட்டார் ஓடத் தொடங்கிய நாளில் அது காட்டும் எண்ணைப் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதிவைப்போம். பின்னாளில் எண் வெகுவாகக் குறைந்தால், பம்பு நீரின்றி ஓடுகிறது என்று ஐயுற வேண்டும். எண் ஏறினால் மணல் அடைப்பு, பேரிங் தேய்வு, மின்னழுத்தக் குறைவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். மோட்டார் கிளம்பாமல் முனகினால் முதலில் கெப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்வோம். சிறு செலவோடு அது முடிந்துவிடக்கூடும். எச்சோதனையும் மின்சாரத்தைத் துண்டித்த பின், தேர்ந்த மின்பணியாளர் கையாலேயே நடைபெற வேண்டும்.

வற்றிய ஆழ்துளைக் கிணற்றைத் திறந்து விடலாகாது. குழந்தைகள் விழுந்து உயிரிழக்கும் துயரைத் தடுக்க, அத்தகைய கிணறுகளை மூடுவது குறித்து உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறைகளை வகுத்துள்ளது.

இரசீதையும் உத்தரவாத அட்டையையும் கிணற்றின் அளவுகளோடு ஒரே உறையில் காப்போம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் இட்டுவந்தால், மோட்டார் என்றேனும் நிற்கும் நாளில் கடன் தேடி அலைய நேராது.