கரும்பலகையில் பெயர் எழுதாத லீடர்

தேர்தல் நாளன்று முதல் வாக்காளர் வந்து சேர்வதற்குள் வாக்குச்சாவடியில் ஒரு வாக்குப்பதிவு நடந்து முடிந்துவிடுகிறது. வாக்குப்பதிவு ஏழு மணிக்குத் தொடங்குகிறது என்றால், ஐந்தரை மணிக்கே வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளை இயந்திரத்தில் பதிவு செய்கிறார்கள். பிறகு எண்ணுகிறார்கள். விவிபேட் கருவியில் அச்சாகும் சீட்டுகளோடு ஒப்பிடுகிறார்கள். கணக்கு சரி என்று முகவர்கள் ஒப்புக்கொண்டதும் பதிவான வாக்குகளை அழித்து, இயந்திரத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து முத்திரை வைக்கிறார்கள். தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் இதை 'மாக் போல்' என்பார்கள். நாட்டின் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் உண்மைத் தேர்தலுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்தல் நடந்தாக வேண்டும்.

இந்த ஒத்திகை நடக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. நடத்துகிறவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். முதல் நாளே பெட்டிகளோடு வந்து இறங்கி, இரவு அங்கேயே படுத்து, அடையாளம் பார்ப்பது, விரலில் மை வைப்பது, 17ஏ என்னும் வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்துவது என்று ஒவ்வொரு வேலையும் அவருக்கு மனப்பாடம். அன்று விடுமுறை என்பதால், அந்த வகுப்பின் பிள்ளைகள் மட்டும் இதில் எதையும் பார்ப்பதில்லை.

பள்ளி திறந்ததும் அதே வகுப்பில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும். பல பள்ளிகளில் இன்னமும் அது இரண்டு நிமிட வேலைதான். நன்றாகப் படிக்கிற, குரல் சற்று எடுப்பாக இருக்கிற ஒருவரை ஆசிரியர் எழுப்பி நிறுத்துவார். "இந்த வருஷம் நீதான் லீடர்." ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அந்த லீடரின் முதல் கடமை. பிள்ளைகள் முதன்முதலாகச் சந்திக்கும் அதிகாரம் இதுதான்: மேலிருந்து நியமிக்கப்பட்டது, கீழே இருப்பவர்களைக் கண்காணிப்பது.

இதை மாற்ற முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2018ஆம் ஆண்டு தேசிய வாக்காளர் தினத்தன்று தேர்தல் ஆணையம் பள்ளி, கல்லூரிகளுக்கான தேர்தல் கல்வி மன்றங்களைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு முதல் பிள்ளைகள் விளையாட்டு வழியாகத் தேர்தலைப் பழகுவது அதன் நோக்கம். கேரளத்தில் பள்ளி நாடாளுமன்றத் தேர்தல் வழக்கமான நிகழ்வு. கணினியையே வாக்கு இயந்திரமாக மாற்றும் மென்பொருளை அங்கே பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டிலும் ஜூன், ஜூலை மாதங்களில் மாணவர் தலைவர் தேர்தல் நடத்தும் பள்ளிகள் பெருகிவருகின்றன. வரிசையில் நிற்கும் பிள்ளைகளும் மை வைத்த விரல்களும் மறுநாள் நாளிதழில் வரும். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதில்தான் பிள்ளைகள் கற்பது எல்லாம் இருக்கிறது.

முதலில் வாக்காளர் பட்டியல். பள்ளியில் வருகைப் பதிவேடு இருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும். டி.சி. வாங்கிப் போனவரின் பெயர் அதில் இருக்கலாம், போன வாரம் சேர்ந்தவரின் பெயர் இல்லாமல் இருக்கலாம், தலைப்பெழுத்து மாறியிருக்கலாம். பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டி, மூன்று நாள் அவகாசம் கொடுத்து, பிழை கண்டவர்கள் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஓர் உண்மை உறைக்கும்: பட்டியலில் இல்லாதவருக்கு வாக்கு இல்லை. 1951-52இல் நாட்டின் முதல் பொதுத்தேர்தலை நடத்திய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சந்தித்த பெரிய சிக்கலும் இதுதான். வட மாநிலங்களில் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதிக்கொண்டார்கள். பெயர் இல்லாமல் பட்டியலில் இடமில்லை என்று அவர் உறுதியாக நின்றதில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வகுப்புப் பெண்களிடம் அவரவர் பெயரைப் பட்டியலில் சரிபார்க்கச் சொல்லும் ஆசிரியர், குடிமையியல் பாடத்தின் ஒரு முழு அத்தியாயத்தை நடத்தி முடித்துவிடுகிறார்.

அடுத்தது வேட்புமனு. இங்கேதான் தெருவில் இருக்கும் சாதி பள்ளிக்குள் நுழைந்துவிடுமோ என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தேர்தலைக் கைவிடுவது அதற்கு மருந்தாகாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது நாட்டுத் தேர்தலின் விதி. பள்ளியில் எல்லோருமே சுயேச்சைகள்தான். எனவே பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அவர்கள் வெவ்வேறு பிரிவுகளைச் சேர்ந்தவர்களாகவும் இருபாலரும் கலந்தவர்களாகவும் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டால், போட்டியிட விரும்புகிற பிள்ளை தன் பெஞ்சைத் தாண்டி, தன் தெருவைத் தாண்டி, அதுவரை பேசிப் பழகாதவர்களிடம் போய் ஆதரவு கேட்டாக வேண்டும்.

பிரசாரத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். வேட்பாளருக்கு இரண்டு சார்ட் அட்டை, பிரார்த்தனைக் கூட்டத்தில் மூன்று நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய வேண்டும் என்ற நாட்டு விதி இங்கேயும் செல்லும். சாக்லேட் கொடுத்து வாக்குக் கேட்டால் மனு தள்ளுபடி என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். ஒரு ரூபாய் மிட்டாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்குக்காக எதைக் கொடுத்தாலும் அதை லஞ்சம் என்ற ஊழல் நடவடிக்கையாகவே பார்க்கிறது. பணத்தின் அளவைக் கேட்பதில்லை. பன்னிரண்டு வயதில் மிட்டாயை மறுக்கப் பழகாதவர் இருபது வயதில் உறையை மறுப்பது கடினம்.

வாக்குப்பதிவு நாளுக்கு வருவோம். முதல்முறை நடத்தும் பள்ளிகள் வாக்குச்சீட்டையே பயன்படுத்துவது நல்லது. இயந்திரத்தின் 'பீப்' ஒலி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் எண்ணிக்கை எப்படி வந்தது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் இன்றும் வாக்குச்சீட்டுதான். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரலாம்.

சீட்டில் வேட்பாளரின் பெயரை எழுதச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அங்கே ரகசியம் உடைந்துவிடுகிறது. வகுப்பாசிரியருக்கு நாற்பது பேரின் கையெழுத்தும் தெரியும். அது தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். சின்னம் அச்சிட்ட சீட்டும் ஒரே முத்திரையும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டு முத்திரை வைக்கலாமே என்று எந்தப் பிள்ளையாவது யோசனை சொல்லும். அதை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்துச் சின்னத்தின் மேலும் படியும். வெண்டைக்காய் முத்திரை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருப்பதால், எது வைத்தது, எது படிந்தது என்று சொல்ல முடியாது. இந்தியத் தேர்தலின் வாக்குச்சீட்டு முத்திரையில் இருக்கும் அம்புக்குறிச் சிலுவை ஒரு பக்கமாகச் சுழலும் வடிவம் கொண்டது. படிந்த தடம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழுவதால் அசலைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாக்கு வீணாகிவிடக் கூடாது என்று யாரோ இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வது எத்தனை பெரிய விஷயம்!

அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செய்த மறைப்புக்குப் பின்னால் ஒரு பிள்ளை தனியாக நிற்கும் அந்த அரை நிமிடத்தில் ஆசிரியரும் எட்டிப் பார்க்கக் கூடாது. உயிர்த்தோழிக்குப் போடுவதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வர வைக்கிறேன் என்று சொன்னவருக்குப் போடுவதா? யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாத ஒரு முடிவை எடுக்கும் வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டே வளரும் நம் பிள்ளைகளுக்கு எப்போதாவதுதான் கிடைக்கிறது. "யாருக்குப் போட்டே?" என்று வெளியே வந்ததும் கேட்பதும் அன்று தடைசெய்யப்பட வேண்டும்.

எண்ணிக்கை எல்லோர் முன்னிலையிலும் நடக்கட்டும். இரண்டு சின்னங்களில் முத்திரை வைத்தது செல்லாது. கீழே தன் பெயரையும் எழுதிவைத்ததும் செல்லாது. வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தால் சீட்டு நிராகரிக்கப்படும் என்பது தேர்தல் நடத்தை விதி. 'யாருக்கும் வாக்கில்லை' என்னும் நோட்டாவைப் பள்ளித் தேர்தலில் சேர்க்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்த உரிமை அது. வகுப்பில் பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதே அறையில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுக்காரரின் முகத்துக்கு நேரே அந்த எண்ணிக்கையை வாசிப்பது அவரை ஆண்டு முழுக்க வருத்தும். சிறிய வகுப்புகளில் அதைத் தவிர்ப்பதே சரி.

தோல்வியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் அம்மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி, நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். முதல்வர் பதவிக்குப் பேசப்பட்டவர் அவர். நாற்பது பேர் வகுப்பில் ஒரு வாக்கு வித்தியாசம் அடிக்கடி வரும். அப்போது தோற்ற பிள்ளையின் முகவர் முடிவுத் தாளில் கையெழுத்திட வேண்டும். வேண்டுமானால் மறு எண்ணிக்கை கேட்கலாம். அதன் பிறகும் முடிவு அதுதான் என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோற்றவரை மேடையேற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லும் பள்ளி, வென்றவரின் கழுத்தில் மாலை போடுவதோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளியைவிடப் பல மடங்கு கற்றுத்தருகிறது. அவரை எதிர்க்கட்சித் தலைவராக அமர்த்தி, கேள்வி கேட்கும் வேலையையும் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

வெளிநாடுகளில் இன்னொரு வகையும் உண்டு. நாட்டில் தேர்தல் நடக்கும்போதே அதே வேட்பாளர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வாக்களிப்பார்கள். 1987இல் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த மூன்று தொழிலதிபர்கள் மீன் பிடிக்கக் கோஸ்டா ரிகாவுக்குப் போனார்கள். அங்கே வாக்குப்பதிவு விகிதம் மிக அதிகம் என்று கேள்விப்பட்டுக் காரணம் விசாரித்தார்கள். பிள்ளைகளும் பெற்றோரோடு வாக்குச்சாவடிக்குப் போவார்கள் என்று பதில் வந்தது. ஊர் திரும்பி அவர்கள் தொடங்கியதுதான் 'கிட்ஸ் வோட்டிங்'. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் அத்திட்டத்தை ஆராய்ந்தபோது, பிள்ளைகள் வீட்டில் பேச்சைத் தொடங்கியதால் பெற்றோரும் அரசியல் செய்திகளைக் கவனிக்கத் தொடங்கியது தெரியவந்தது. கனடாவில் 2003இல் ஒண்டாரியோ மாகாணத்தில் தொடங்கிய 'ஸ்டூடண்ட் வோட்' திட்டத்தில், 2015 பொதுத்தேர்தலின்போது 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வாக்களித்தார்கள். பெரியவர்களின் வாக்குப்பதிவு முடிந்த பிறகே பிள்ளைகளின் முடிவை அங்கே வெளியிடுகிறார்கள்.

நம் பள்ளிகளுக்கு இந்த வகை ஒத்துவராது. தேர்தல் பணியில் இருக்கும் அரசு ஆசிரியர் கட்சிச் சின்னங்களோடு வகுப்பில் வாக்கெடுப்பு நடத்துவது அவருடைய நடுநிலைமைக்கே ஊறு. பள்ளியின் சொந்தப் பிரச்சினைகளே போதும். மதிய உணவு வரிசையில் சின்ன வகுப்புகள் கடைசியில் நிற்பது, மைதானம் எப்போதும் பெரிய பையன்களிடமே இருப்பது, நூலகப் பாடவேளையில் கணக்கு நடத்தப்படுவது என்று வாக்குறுதி தரப் பொருளுக்குப் பஞ்சமில்லை.

வாக்குறுதி இருந்தால் அதை நிறைவேற்ற அதிகாரமும் இருக்க வேண்டும். ராஜஸ்தானின் திலோனியாவில் பங்கர் ராய் தொடங்கிய 'பேர்ஃபுட் கல்லூரி' இதைச் செய்து காட்டியிருக்கிறது. பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக அது இரவுப் பள்ளிகளை நடத்தியது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள அந்தப் பிள்ளைகள் வாக்களித்துத் தங்கள் நாடாளுமன்றத்தையும் பிரதமரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இரவுப் பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அந்த அமைச்சரவையிடம் இருந்தது. பிரதமராக இருந்த பன்னிரண்டு வயதுப் பெண் காலையில் இருபது ஆடுகளை மேய்த்தவர். விருது பெற ஸ்வீடனுக்குப் போனபோது, இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அந்நாட்டு அரசி கேட்டாராம். தான் பிரதமர் என்பதை அவருக்குச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் பதில் சொன்னதாகப் பங்கர் ராய் ஓர் உரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

அதிகாரத்தோடு கணக்கும் வர வேண்டும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர் வாரியத்துக்கு ஆள் எடுத்த முறையைச் சொல்கிறது. அது வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான ஏற்பாடு. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் மறுபடி வரக் கூடாது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பள்ளி மாணவர் தலைவரும் காலாண்டு விடுமுறைக்குப் பின் ஒருமுறை, அரையாண்டு விடுமுறைக்குப் பின் ஒருமுறை, பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்று சொன்னது என்ன, நடந்தது என்ன, நடக்காததற்கு யார் தடை என்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியரே தடை என்றால் அதையும் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். கேட்டுக்கொள்ளும் மனம் தலைமையாசிரியருக்கு வேண்டும்.

இதையெல்லாம் நடத்தப் பெரும் பணம் தேவையில்லை. தேர்தல் பணிக்குப் போன அனுபவமுள்ள ஆசிரியர்கள் அநேகமாக எல்லா அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். பள்ளித் தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலர்களாகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை அமர்த்தி, அவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை இவர்களிடம் விடலாம். அந்த மாணவர்களில் பலருக்கு 17 வயது நிறைந்திருக்கும். 2022 முதல் 17 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எதற்குள் 18 நிறைகிறதோ, அதற்குரிய காலாண்டில் பெயர் பட்டியலில் ஏறும். பள்ளித் தேர்தல் முடிந்த அன்று மாலையே படிவங்களை வரவழைத்து, அதே மேசையில், அதே மாணவர்களைக் கொண்டே நிரப்பி வாங்கிவிடலாம்.