கரிக்கும் தண்ணீரும் இரண்டு பென்சில்களும்

"டீச்சர், எங்க வீட்டுப் பம்புத் தண்ணி சித்திரையில கரிக்குது, கார்த்திகையில கரிக்கல. பம்பு அதேதானே, ஏன் டீச்சர்?"

எட்டாம் வகுப்பில் நிலத்தடி நீர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. திருமலைராயன்பட்டினத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் ஒரு நாள் வந்து சேரும். காவிரியின் கடைமடை இது. மேற்கே வயல், கிழக்கே பட்டினச்சேரியைத் தாண்டினால் கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் கரையோரத்தில் எத்தனையோ கிணறுகளில் கடல்நீர் புகுந்ததை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

காரணத்தைக் கரும்பலகையில் வரைந்து சொன்னேன். கடலோர மண்ணுக்குள் மழைநீரும் ஆற்றுநீரும் மேலே நிற்கின்றன; அடர்த்தி அதிகமான உப்புநீர் கீழே நிற்கிறது. கோடையில் நாம் இறைக்க இறைக்க மேலே உள்ள நன்னீர் குறைந்து, உப்புநீர் ஏறி வருகிறது. ஆற்றில் தண்ணீர் வந்து, வடகிழக்குப் பருவமழையும் பெய்தால் மறுபடி கீழே தள்ளப்படுகிறது. சொல்லி முடித்தேன். அவள் விடவில்லை: "எவ்வளவு கரிக்குதுன்னு நாமளே பார்க்க முடியுமா டீச்சர்?"

என் அலமாரியில் ஒரு மின்னணுப் பெட்டி இருந்தது. உள்ளே கம்பிகள், விளக்குகள், சின்னச் சின்னப் பலகைகள். தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று நான்தான் பூட்டி வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் முதன்முதலாகத் திறந்தேன். அதன்பிறகு நாங்கள் செய்ததையும், அதில் நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

என்னென்ன வேண்டும்?

ஒரு 9 வோல்ட் மின்கலம், அதற்கான கிளிப், ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு 470 ஓம் மின்தடை (மஞ்சள், ஊதா, பழுப்புப் பட்டைகள் இருக்கும்), முதலை வாய்க் கிளிப் பொருத்திய வயர்கள், இரண்டு பென்சில்கள், அகலமான ஒரு பிளாஸ்டிக் மூடி. மல்டிமீட்டர் நீங்கலாக, ஒரு கருவிக்கான பொருள்கள் எங்களுக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கின.

பென்சில்களை இருமுனையும் சீவுங்கள். மூடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளையிட்டு, பென்சில்களை இறுக்கமாகச் செருகுங்கள். மேல்முனைகளில் கிளிப்பை மாட்ட வேண்டும். கீழ்முனைகள் தண்ணீருக்குள் போகும். மின்கலத்தின் நேர்முனையிலிருந்து மின்தடை, எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் கால், ஒரு பென்சில், தண்ணீர், அடுத்த பென்சில், திரும்ப மின்கலத்தின் எதிர்முனை. இவ்வளவுதான் சுற்று. சால்டரிங் தேவையே இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது? உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிகிறது. அந்த அயனிகள்தான் தண்ணீருக்குள் மின்னோட்டத்தைச் சுமந்து செல்கின்றன. அயனிகள் மிகுந்தால் மின்தடை குறையும், விளக்கு பிரகாசமாகும். வாய்க்காலைத் திறந்துவிட்டதுபோல என்று சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. பென்சிலின் கரி கம்பியைப் போல அரிக்காது என்பதால்தான் இரும்பு ஆணிக்குப் பதில் பென்சில்.

எரியாத விளக்கும் எப்போதும் எரிந்த விளக்கும்

முதல் நாள் எட்டுக் குழுவில் ஐந்து குழுவுக்கு விளக்கு எரியவில்லை. என் கை பரபரத்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். பிறகு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பலகையில் ஒரே ஒரு யோசனை எழுதினேன்: "தண்ணீருக்குப் பதிலாக இரண்டு கிளிப்பையும் நேரடியாகத் தொடவிட்டுப் பாருங்கள்." தொட்டதும் எரிந்தால் சுற்று சரி, குறை பென்சில் பக்கம். தொட்டும் எரியாவிட்டால் குறை இந்தப் பக்கம். மூன்று குழுக்களில் எல்.இ.டி. தலைகீழாக இருந்தது. ஒன்றில் பென்சிலுக்குள் கரி உடைந்திருந்தது. ஒன்றில் மின்கலம் தீர்ந்திருந்தது. ஐந்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். குறையை இரண்டாகப் பிரித்துத் தேடும் இந்த முறையை அதன்பிறகு நான் தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு குழப்பம் என்னால் வந்தது. மின்னோட்டம் போதாதோ என்று பயந்து, பெட்டியில் இருந்த ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு குழுவுக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் குழுவின் விளக்கு குழாய்த் தண்ணீரிலும் முழுவதாக எரிந்தது, கடல்நீரிலும் முழுவதாக எரிந்தது. டிரான்சிஸ்டர் சின்ன மின்னோட்டத்தையே பல மடங்காக்கிவிடுவதால் வித்தியாசம் மறைந்துபோனது. "இது தண்ணி இருக்கான்னு சொல்லுது டீச்சர், உப்பு இருக்கான்னு சொல்லல" என்றான் ஒருவன். டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டோம். பாகம் கூடினால் கருவி சிறக்கும் என்ற எண்ணமும் அதோடு கழன்றது.

மூன்றாவது சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு குழுக்களின் விளக்குகள் வேறு வேறு பிரகாசம் காட்டின. பிள்ளைகள் கருவிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் கரி நீளமாக வெளியே தெரிந்தது, மற்றொன்றில் கட்டையாக இருந்தது. அப்போதுதான் விதிகள் பிறந்தன: கரி முனை எல்லாவற்றிலும் ஒரு சென்டிமீட்டர்; பென்சில் இடைவெளி ஒன்றே; முனை முழுதும் மூழ்க வேண்டும்; நனைத்து ஐந்து எண்ணுவதற்குள் பார்த்துவிட வேண்டும். கடைசி விதி ஏனென்றால், மின்னோட்டம் பாயும்போது முனைகளில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு வெளிச்சம் மங்கத் தொடங்கும். மாறிகளைக் கட்டுப்படுத்துவது என்று புத்தகத்தில் இருப்பதை அவர்கள் தேவைக்காகக் கண்டுகொண்டார்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல்

வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து உப்பின் அளவைச் சொல்ல முடியாது. ஒப்பிட அளவு தெரிந்த கரைசல்கள் வேண்டும். சமையல் உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம். அதை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 6 கிராம். அதில் ஒரு பங்கோடு இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 2 கிராம். அதில் ஒரு பங்கோடு மூன்று பங்கு சேர்த்தால் அரை கிராம். தராசு இல்லாமலேயே மூன்று கரைசல்கள் தயார். கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அது எங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிறது. கணக்கு ஆசிரியர் அன்று விகிதத்தை எங்கள் வகுப்பில் வந்து நடத்தினார்.

இந்த எண்கள் சும்மா தேர்ந்தவை அல்ல. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 2000 வரை அனுமதிக்கிறது. எங்கள் அரை கிராம், 2 கிராம் பாட்டில்கள் அந்த இரண்டு கோடுகளை ஏறக்குறையக் குறிக்கின்றன. கரைந்த திடப்பொருள் என்பது சமையல் உப்பு மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2 கிராமையும் கடல்நீரையும் கண் சரியாகப் பிரித்தறியவில்லை. எனவே மல்டிமீட்டரை நேர்மின்னோட்டம் 20 வோல்ட் அளவில் வைத்து, 470 ஓம் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே அளந்தோம். 1.88 வோல்ட் காட்டினால், அதை 470ஆல் வகுக்க 0.004 ஆம்பியர், அதாவது 4 மில்லி ஆம்பியர். ஓம் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், அது தண்ணீர்க் குவளைக்குள் வேலை செய்வதைப் பார்க்க வந்தார்கள். எண்கள் கருவிக்குக் கருவி மாறும். அதனால் எங்கள் எண்களை இங்கே தரவில்லை. உங்கள் கருவிக்கு உங்கள் பிள்ளைகளே அட்டவணை தயாரிக்க வேண்டும். அளக்கும் முன் மின்கலத்தையும் சரிபாருங்கள். பாட்டில்கள் எல்லாம் அறை வெப்பநிலைக்கு வரட்டும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நீரின் மின்கடத்தும் திறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும்.

நான் செய்த தவறு

பிள்ளைகள் கருவியோடு தெருவுக்குப் போனார்கள். பதினோரு பம்புகளைச் சோதித்தார்கள். விளக்கு மங்கலாக எரிந்த ஒரு வீட்டில், "பாட்டி, உங்க பம்பு நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பாட்டியை வழியில் பார்த்தேன். "உன் பிள்ளைங்க சோதிச்சு நல்ல தண்ணின்னு சொல்லிட்டுப் போச்சும்மா. அதுலேருந்து காய்ச்சுறதில்ல, அப்படியேதான் குடிக்கிறேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. நம் பேச்சில் கரிக்காத தண்ணீருக்கும் நல்ல தண்ணி என்றுதான் பெயர், குடிக்கத் தகுந்த தண்ணீருக்கும் அதே பெயர்தான். எங்கள் கருவிக்குத் தெரிந்தது முதலாவது மட்டும். கிருமி இருந்தாலும் இந்த விளக்கு காட்டாது. சாக்கடை கலந்திருந்தாலும் அதன் அறிகுறியை இது தனியே சொல்லாது.

அன்று மாலையே நானும் நான்கு பிள்ளைகளும் பதினோரு வீட்டுக்கும் திரும்பப் போனோம். எங்கள் கருவி உப்பை மட்டும்தான் பார்க்கிறது, குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் பொறுப்பு என்னுடையது. ஒரு கருவி எதைச் சொல்லும் என்று கற்பித்த நான், எதைச் சொல்லாது என்று கற்பிக்க மறந்திருந்தேன்.

பலகையும் இயந்திரமும் பிறகு வரட்டும்

இதற்குப் பிறகுதான் ஆர்டுயினோ பலகையைக் கையில் கொடுத்தேன். 2005இல் இத்தாலியின் இவ்ரியாவில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவானது இது. அதன் அனலாக் முனை 0 முதல் 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றித் தரும். மின்திசையை நொடிக்குப் பலமுறை மாற்றி மாற்றிக் கொடுக்கவும் நிரல் எழுதலாம். அப்போது குமிழ்த் தொல்லை பெரிதும் குறைகிறது. குமிழால் அவதிப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த நிரல் ஏன் தேவை என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முப்பரிமாண அச்சு இயந்திரம் உள்ள பள்ளிகளும் இன்று உண்டு. நிதி ஆயோக்கின் அடல் இன்னோவேஷன் மிஷன் 2016 முதல் 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு டிங்கரிங் ஆய்வகங்களை அமைக்க நிதி தருகிறது. அப்படியொரு வசதி கிடைத்தால் பென்சில் தாங்கியை வடிவமைத்து அச்சிடலாம். எல்லாக் கருவியிலும் இடைவெளி அச்சு மாறாமல் இருக்கும். ஆனால் பிளாஸ்டிக் மூடியில் துளையிட்டு, இடைவெளி பிசகி, அளவு தப்பிய பிள்ளைக்குத்தான் அந்த அச்சின் அருமை தெரியும். மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் கல்பாக் 1983இல் தொடங்கிய விக்ஞான் ஆசிரமம், 2002இல் ஃபேப் லேப் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் ஃபேப் லேப்களில் அது ஒன்று. இயந்திரம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே பிள்ளைகள் ஊருக்குத் தேவையானதைக் கையால் செய்து படித்துக்கொண்டிருந்தார்கள். வரிசை அப்படி இருப்பதுதான் நல்லது.

செய்யப் போகிறவர்களுக்கு

வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது. 9 வோல்ட் மின்கலம் மட்டும். பழைய செல்பேசி மின்கலங்கள் வேண்டாம். கடல்நீரில் மின்னோட்டம் பாயும்போது சிறிதளவு குளோரின் வெளிவரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஐந்து நொடிக்கு மேல் நனைக்க வேண்டாம். சோதித்த நீரை யாரும் குடிக்கக் கூடாது. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் அளவீட்டை விட்டுவிட்டு, எரிகிறதா, எரியவில்லையா என்பதை மட்டும் செய்யலாம். கடலோரம் அல்லாத ஊர்களில் கேள்வி வேறாக இருக்கும். தொட்டி நிரம்பியதா, மண் காய்ந்ததா என்று கேட்கவும் இதே சுற்று உதவும்.

ஓராண்டாக மாதம் ஒருமுறை அந்தப் பதினோரு பம்புகளையும் அளந்து வருகிறோம். கேள்வி கேட்ட மாணவியின் வீட்டுப் பம்பில் அளவு மழைக்குப் பிறகு இறங்கியது. கடலுக்கு மிக அருகே உள்ள ஒன்றில் இறங்கவேயில்லை. ஓராண்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று அவளே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள். வகுப்புச் சுவரில் தொங்கும் அட்டவணையின் கடைசிப் பத்திக்கு 'குடிக்கலாமா?' என்று தலைப்பு. அதன் கீழே பதினோரு கட்டங்களிலும் பிள்ளைகளின் கையெழுத்தில் ஒரே பதில்தான் இருக்கிறது: 'இந்தக் கருவிக்குத் தெரியாது.'