மேடைக்கு ஏற்ற கிடார் ஆம்ப்ளிபயர்: வாட் கணக்கும் எர்த் கணக்கும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கிடார் ஆம்ப்ளிபயருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தெரிந்து கொள்ளும் வோல்டேஜ், யு.பி.எஸ்., எர்த், ஸ்பீக்கர் வாட் ஆகிய எல்லாமே இங்கும் அப்படியே பயன்படும் என்பதுதான் பதில். இன்னொரு காரணம் எங்கள் ஊர்.

பிரான்சில் 1982-ம் ஆண்டு, ஜாக் லாங் கலாச்சார அமைச்சராக இருந்த போது, ஜூன் 21 அன்று 'பெத் த லா மியூசிக்' என்னும் இசைத் திருநாள் தொடங்கப்பட்டது. பெரிய வித்வான்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை, வாசிக்கத் தெரிந்த யாரும் அன்று தெருவில் நின்று வாசிக்கலாம் என்பதே அதன் நோக்கம். புதுச்சேரியிலும் அலையான்ஸ் பிரான்சேஸ் இதனைக் கொண்டாடி வந்திருக்கிறது. இது தவிர ஒயிட் டவுன் கபேக்கள், ஆரோவில் அரங்குகள், கல்லூரி விழாக்கள் என்று சிறு மேடைகளுக்கு இங்கே குறைவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்தே கிடார் கற்றுக் கொண்டவர்கள், முதல் மேடை கிடைத்தவுடன் ஆம்ப்ளிபயர் தேடுகிறார்கள். கடையில் அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை வாட்?"

அது இரண்டாவது கேள்வி. இதனை எந்தப் ப்ளக் பாயின்ட்டில் செருகப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. ஏன் என்பதனைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம். எல்லாரும் கேட்கும் வாட் கணக்கை முதலில் முடித்து விடலாம்.

பி.எம்.பி.ஓ. மாயை

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அட்டைப் பெட்டிகளில் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்பீக்கரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 9 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்கினால் வருவது 9 வாட். யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறிய ஸ்பீக்கர் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுத்தால் இரண்டரை வாட்தான். உள்ளே போகாத சக்தி வெளியே வராது. பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லாரும் ஒப்புக் கொண்ட அளவு முறை ஏதும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட். கிடார் ஆம்ப்ளிபயர் வாங்கும் போதும் இந்த எண்ணை மட்டுமே பார்க்கவும்.

அடுத்து, 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்பைப் போல இரண்டு மடங்கு சத்தம் தரும் என்று நினைக்க வேண்டாம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவில்தான் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். இதை விட மலிவான வழி நல்ல ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதனை ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்பார்கள். 97 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 8 அங்குல ஸ்பீக்கர் போட்ட 50 வாட் ஆம்பை விட, நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட 30 வாட் ஆம்ப் மேடையில் எடுபடுவதற்கு இதுவே காரணம்.

எனவே கபேயில் பாடிக் கொண்டே அகூஸ்டிக் கிடார் வாசிப்பவருக்கு 30 முதல் 60 வாட் போதும். மைக்குக்குத் தனி சானல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தனியே மைக் செட் தேவைப்படாது. டிரம்ஸ் வாசிப்பவர் உடன் இருந்தால் கதை வேறு. டிரம் சத்தத்திற்கு மேல் உங்கள் கிடார் கேட்க வேண்டும் என்பதால், 12 அங்குல ஸ்பீக்கருடன் 50 முதல் 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் வேண்டும். அதற்கும் மேல் பெரிய மைதானம் என்றால் ஆம்பை ஏன் பெரிதாக்க வேண்டும்? ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்து விட்டால் மற்றதை மைக் செட்காரர் பார்த்துக் கொள்வார்.

வால்வா, டிரான்சிஸ்டரா, டிஜிட்டலா?

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ நினைவிருக்கிறதா? அதே வகை வால்வுகள்தான் இன்றும் மார்ஷல், பெண்டர், வாக்ஸ் நிறுவனங்களின் புகழ்பெற்ற ஆம்ப்ளிபயர்களில் சிவப்பாக எரிகின்றன. ஒலியைப் பொறுத்தவரை இவற்றிற்கு ஈடு இல்லை என்று சொல்பவர்களுடன் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் வால்வு கண்ணாடி. ஆட்டோவில் ஏற்றி இறக்குகையில் ஆடும், தேயும், நாளடைவில் மாற்ற வேண்டும். ஈஎல்34 அல்லது 12ஏஎக்ஸ்7 வால்வை நேரு வீதியில் கடை கடையாகக் கேட்டுப் பாருங்கள். எடையும் கூடுதல். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே எரிந்து போகலாம்.

டிரான்சிஸ்டர் வகைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 1975-ல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜே.சி.-120 இதற்கு நல்ல சாட்சி. 60 வாட் வீதம் இரண்டு சானல், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். சுத்தமான ஒலிக்கும் உழைப்பிற்கும் உலகம் முழுவதும் பெயர் வாங்கியது. ஏறக்குறைய 28 கிலோ என்பதுதான் குறை. மாடிக் கபேக்குத் தூக்கிச் செல்லும் நண்பர் யார் என்று முன்பே முடிவு செய்து கொள்ளவும்.

மூன்றாவது வகை டிஜிட்டல் மாடலிங். உள்ளே இருப்பது சிறிய கம்ப்யூட்டர். பழைய ஆம்ப்களின் ஒலியை சாப்ட்வேர் மூலம் போலச் செய்கிறது. பாஸ் நிறுவனத்தின் கட்டானா வரிசை இந்த வகை. யு.எஸ்.பி. கேபிள் மூலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்து ஒலி அமைப்புகளை மாற்றலாம், பதிவும் செய்யலாம். முதல் ஆம்ப் வாங்கும் கம்ப்யூட்டர் உபயோகிப்பாளர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

இப்போது முதல் கேள்வி

கம்ப்யூட்டர் கேபினட்டின் இரும்புப் பகுதியை வெறுங்காலுடன் தொடுகையில் 'சுர்' என்று இழுத்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் பில்டர் கெபாசிட்டர்கள் சிறிதளவு மின்சாரத்தைக் கேபினட்டுக்குக் கசிய விடும். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். இல்லையென்றால் உங்கள் வழியே போகும்.

கிடாரில் இது இன்னும் நேரடியானது. எலக்ட்ரிக் கிடாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகவும், கேபிளின் வெளிச்சுற்று வழியாகவும் ஆம்ப்பின் இரும்புச் சட்டத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. உங்கள் கை எப்போதும் அந்தக் கம்பிகளின் மேல். உதடு மைக்கின் மேல். மைக், கேபிள் வழியாக மிக்சரின் சட்டத்துடன் இணைந்திருக்கிறது. ஆம்ப் ஒரு பாயின்ட்டிலும் மிக்சர் வேறு பாயின்ட்டிலும் இருந்து, இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல், அதன் உள்ளே பேஸ் வயர் சட்டத்தைத் தொட்டு விட்டால், 230 வோல்ட்டுக்கு இடையில் இருப்பது பாடகர் மட்டுமே. இங்குள்ள ஜூன் மாதப் புழுக்கத்தில் கையும் உதடும் ஈரமாகத்தான் இருக்கும். ஈரத் தோல் மின்சாரத்தை எளிதாக விடும்.

இது கற்பனை அல்ல. 'ஸ்டோன் த குரோஸ்' என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

என்ன செய்ய வேண்டும்? மேடையில் கிடார் ஆம்ப், மிக்சர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே பாயின்ட்டில் இருந்து எடுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் செருகவும். எல்லாவற்றுக்கும் ஒரே எர்த் கிடைக்கும். ஆனால் அந்த எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதனைச் சோதிக்க வேண்டும். மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பி விட வேண்டாம். நாங்கள் வாசித்த ஓர் இடத்தில் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிய எலக்ட்ரீஷியன், அந்த ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை என்று காட்டினார். சாக்கெட்டில் செருகினால் விளக்குகள் மூலம் எர்த் நிலையைக் காட்டும் சிறிய டெஸ்டர், எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கிறது. மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவர்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கலாம். எர்த் இல்லை என்றால் அன்று மின்சாரத்தில் வாசிக்க வேண்டாம். இதனுடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக மேடைக்கு இணைப்பு எடுத்தால் கூடுதல் பாதுகாப்பு. கசிவு ஏற்பட்டால் நொடியின் சிறு பகுதியில் துண்டித்து விடும்.

'உம்ம்' என்ற இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை உடைத்து விடும் வழக்கம் ஒன்று உண்டு. இரைச்சல் போகும்தான்; கூடவே பாதுகாப்பும் போய்விடும். இரைச்சலுக்கு டி.ஐ. பாக்ஸ் என்னும் சிறு கருவி இருக்கிறது. அதில் உள்ள 'கிரவுண்ட் லிப்ட்' ஸ்விட்ச், சிக்னல் கேபிளில் மட்டும் எர்த்தைப் பிரிக்கும். பவர் கார்டைத் தொடாது.

எங்கள் ஊருக்கே உரிய பிரச்னை ஒன்றும் இருக்கிறது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கு பல. அங்கிருந்து ஆம்ப் கொண்டு வருகிறார்கள். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் வோல்டேஜில் சிக்கல் இல்லை. ஆனால் பிரெஞ்சுப் பிளக்கில் எர்த்துக்கு முள் கிடையாது, ஓட்டைதான் உண்டு. எர்த் முள் அந்நாட்டுச் சாக்கெட்டில் இருக்கும். அந்தப் பிளக்கின் இரண்டு முள்ளும் நம் சாக்கெட்டில் தளர்வாக நுழைந்து விடும், ஆம்பும் பாடும், எர்த் மட்டும் கிடைக்காது. தீர்வு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பெரும்பாலான ஆம்ப்களின் பின்புறம் செருகுவது, கம்ப்யூட்டர் சி.பி.யு.வில் செருகும் அதே வகை பவர் கார்டுதான். மூன்று பின் உள்ள இந்தியப் பவர் கார்டு ஒன்றை மாற்றிக் கொள்ளவும். அமெரிக்காவில் இருந்து வருவது என்றால் பின்புற லேபிளைப் படிக்காமல் செருகவே கூடாது. லேப்டாப் அடாப்டர் போல '100-240 வோல்ட்' என்று இருந்தால் நல்லது. '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால், தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இன்றி நம் மின்சாரத்தில் அது புகைந்து போகும்.

கரன்ட் போனால்

கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸை ஆம்புக்குப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் வரை தாங்கும் என்பதால் சிறிய ஆம்ப் ஓடும். ஆனால் மலிவான யு.பி.எஸ். பேட்டரியில் ஓடுகையில் தருவது சுத்தமான சைன் அலை அல்ல. அந்தக் கரகரப்பு ஸ்பீக்கரில் கேட்கலாம். அத்துடன் உங்கள் பாட்டுக்குத் தாளம் போடுவது போல யு.பி.எஸ். 'பீப்' அடித்துக் கொண்டே இருக்கும். தெருவில் வாசிப்பவர்களுக்கு பேட்டரி ஆம்ப்தான் சரி. ஆறு பென் டார்ச் பேட்டரியில் ஓடும் ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட், மைக்குக்கும் கிடாருக்கும் தனித்தனி சானல் கொண்டது. 5 வாட்தான் என்றாலும் கடற்கரைச் சாலையில் சுற்றி நிற்கும் இருபது பேருக்குப் போதும்.

லேப்டாப்பையே ஆம்ப் ஆக்கலாமா?

முடியும். ஆனால் கிடாரை நேராக மைக் ஜாக்கில் செருக வேண்டாம். கிடாருக்கு 10 லட்சம் ஓம் அளவில் இன்புட் வேண்டும்; மைக் ஜாக்கில் அது மிகக் குறைவு என்பதால் ஒலி மழுங்கி விடும். கிடார் இன்புட் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் தேவை. அடுத்த சிக்கல் தாமதம். சாப்ட்வேரில் பபர் அளவு 128 சாம்பிள் என்று வைத்தால் 44,100 ஹெர்ட்ஸில் 2.9 மில்லி செகண்ட். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பது போல. 1024 வைத்தால் 23 மில்லி செகண்ட், அதாவது எட்டு மீட்டர். உள்ளே போகவும் வெளியே வரவும் இரு முறை இது நேரும். தாளம் கை நழுவுவதை உடனே உணர்வீர்கள். சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன் நான். ஆனாலும் நடுப்பாட்டில் அப்டேட் செய்யத் தொடங்கும் ஒரு கருவியை மேடையில் மாற்று ஏற்பாடாக மட்டுமே வைத்துக் கொள்வேன். வை-பையை அணைத்த பிறகு.

கடையில்

சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இருந்து வரும் மியூசி மியூசிகல் போன்ற கடைகளுக்குப் போனால், உங்கள் கிடாரையும் கேபிளையும் எடுத்துச் செல்லவும். பழைய ஆம்ப் என்றால் அரை மணி நேரமாவது ஓட விட்டுக் கேட்கவும். ஒவ்வொரு குமிழையும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். கடற்கரை ஊரில் இருந்த ஆம்ப்களில் உப்புக் காற்றால் குமிழும் ஜாக்கும் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயில் பெரும்பாலும் சரியாகி விடும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஜாக்கைச் சற்று அசைத்துப் பாருங்கள், ஒலி விட்டு விட்டு வந்தால் வேறு ஆம்ப் பார்க்கவும். லைன் அவுட் இருக்கிறதா என்பதனைக் கவனிக்கவும். ஸ்பீக்கர் பழுதானாலும் அதன் வழியே மைக் செட்டுக்கு இணைத்து அன்றைய கச்சேரியை முடித்து விடலாம். கடைசியாக, பவர் கார்டைக் கையில் எடுத்து மூன்று பின்னும் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து விட்டுப் பணம் கொடுங்கள்.