வர்த்தக சபையும் சட்டசபையும்

தை பிறந்து, கோட்டையில் வரவுசெலவுத் திட்டத்துக்கான கோப்புகள் நகரத் தொடங்கிவிட்டால், மதுரையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள வர்த்தக சபைகளில் ஒரு விசித்திரமான எழுத்து வேலை ஆரம்பமாகிவிடும். ஆயுளெல்லாம் தராசையும் பேரேட்டையும் தவிர வேறொன்றையும் அறியாதவர்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பருப்பு மில்காரரும் நூல் வியாபாரியும் ஹோட்டல் முதலாளியும், பக்கத்தில் ஒரு ஆடிட்டரை உட்காரவைத்துக்கொண்டு, சட்டப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன வாசகத்தை இன்னபடி மாற்றினால் சர்க்காருக்கும் நஷ்டமில்லை, எங்களுக்கும் பிழைப்பு உண்டு என்ற தோரணையில் ஒரு மகஜரைத் தயாரிப்பார்கள். அதை அச்சிட்டு, அட்டை போட்டு, சென்னைக்கு எடுத்துச் சென்று, அமைச்சர் கையிலோ வணிகவரித் துறை அதிகாரி கையிலோ கொடுத்து, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் அந்தப் படம் வரும். நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

அப்படிப் புரட்டிவிடத் தக்க விஷயமல்ல அது. நாம் கடையில் கொடுக்கும் விலையில் எத்தனை காசு வரியாகப் போகிறது என்பதும், துணிக்கடைச் சிப்பந்தி இரவு எத்தனை மணிக்கு வீடு சேர்வார் என்பதும், பல சமயங்களில் சட்டசபையில் முழங்கிய பிரசங்கங்களைக் காட்டிலும் இந்த அட்டை போட்ட காகிதங்களால் நிர்ணயமாகியிருக்கின்றன. அன்றியும், இன்று வாசலில் நின்று மகஜர் நீட்டுகிற இந்தச் சபைகளில் சில, ஒரு காலத்தில் சட்டசபைக்கு உள்ளேயே ஆசனம் பெற்று அமர்ந்திருந்தவை என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை.

வணிகர் ஒன்றுகூடித் தமக்கு விதி வகுத்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெரும் வணிகக் குழுவினர், தாம் கையாளும் சரக்குகளின்மீது தாமே ஒரு பங்கை விதித்துக் கோயிலுக்கு அளித்த செய்தி, சிவகங்கைச் சீமையில் பிரான்மலைக் கல்வெட்டில் நீண்ட சரக்குப் பட்டியலோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. விருதுநகரிலும் சிவகாசியிலும் பின்னாளில் மகமை என்று வழங்கியதும் இந்த வழக்கத்தின் வழிவந்ததே. ஆனால் அது தன்னைத்தானே ஆண்டுகொண்ட வணிகம். அரசின் சட்டத்தைத் தன் பக்கம் வளைக்க முயலும் வணிகம் வேறு. பின்னது கப்பலேறி வந்தது.

1836-ல் சென்னைப் பட்டணத்து ஐரோப்பிய வர்த்தகர்கள் சென்னை வர்த்தக சபையை நிறுவினார்கள். அதே ஆண்டில்தான் பம்பாயிலும் அத்தகைய சபை தோன்றியது. கவர்னருக்கு ஆலோசனை கூறும் சட்டசபை சென்னையில் ஏற்படுவதற்கே 1861-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது என்பதை நோக்கினால், இம்மாகாணத்தில் சட்டசபைக்கு வர்த்தக சபை கால் நூற்றாண்டு மூத்தது என்றாகிறது. 1892-ஆம் ஆண்டுச் சட்டம், 'தேர்தல்' என்ற சொல்லை உச்சரிக்கக் கூசி, 'சிபாரிசு' என்ற பெயரில் சில ஸ்தாபனங்களுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமையைத் தந்தபோது, நகரசபைகளோடும் ஜில்லா போர்டுகளோடும் சர்வகலாசாலைகளோடும் வர்த்தக சபைகளும் அந்த வரிசையில் இடம்பெற்றன. உழுது வரி கொடுத்தவனுக்கு இல்லாத வாக்கு, ஏற்றுமதி செய்தவனுக்கு இருந்தது.

சுதேச வியாபாரிகளுக்கு இது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் காணாமற்போன பிறகு, நமக்கென்று ஒரு பாங்கி வேண்டும் என்ற எண்ணத்தில் 1907-ல் இந்தியன் பாங்கு பிறந்தது; நமக்கென்று ஒரு வர்த்தக சபையும் வேண்டும் என்ற எண்ணத்தில் 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபை பிறந்தது. நெசவுத் தொழிலிலும் தோல் வியாபாரத்திலும் கைதேர்ந்தவரும், பின்னாளில் நீதிக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவருமான பிட்டி தியாகராய செட்டியார் அதன் முதல் தலைவர். பிற்பாடு 1920-ல் முதல் மந்திரி பதவி தம்மைத் தேடி வந்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய அவர், வர்த்தக சபைத் தலைமையை மட்டும் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தார். எந்த நாற்காலியில் எவ்வளவு வேலை நடக்கும் என்பதை வியாபாரி அறிவான் போலும்.

இரட்டையாட்சி ஏற்பட்ட 1920-ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த உரிமை இன்னும் விரிந்தது. ஜமீன்தார்களுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் இருந்ததுபோலத் தென்னிந்திய வர்த்தக சபைக்கும் ஒரு தனித் தொகுதி கிடைத்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார்களின் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் அவ்விதமே கிடைத்தது. ஒரு ஜில்லாவின் லட்சக்கணக்கான ஜனங்கள் ஓரிரு பிரதிநிதிகளை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கூடத்துக்குள் அடங்கிவிடக்கூடிய சங்க அங்கத்தினர்கள் தமக்கென்று ஒருவரை அனுப்பினார்கள்.

இனி, உள்ளே ஆசனம் பெற்றதனால் அவர்கள் சாதித்தது என்ன என்று பார்ப்போம். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாண சட்டசபையின் 215 இடங்களில் வர்த்தகம், தொழில், சுரங்கம், தோட்டத் தொழில் ஆகிய எல்லாவற்றுக்குமாக ஒதுக்கப்பட்டவை 6. 1937-ல் நடந்த தேர்தலில் காங்கிரஸ் வென்றவை 159. ராஜாஜி முதன் மந்திரியானார். அடுத்த ஆண்டே விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரையில் நிலுவையாக இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே செலுத்தியாகிவிட்டது என்றால் கடனே தீர்ந்தது என்று அச்சட்டம் கூறிற்று. கொடுத்து வாங்குவதையே குலத்தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதைவிடப் பேரிடி வேறென்ன வேண்டும்? அவர்களுடைய ஆசனங்களோ, இடிதாங்கியாகப் பயன்படவில்லை.

அதற்கடுத்த இடி 1939-ல் விழுந்தது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த ராஜாஜி, கள்ளுக்கடை வருமானம் போன இடத்தை நிரப்ப வழி தேடினார்; எல்லாச் சரக்குகளின் விற்பனைமீதும் பொதுவாக ஒரு வரி விதிப்பதென்ற முடிவுக்கு வந்தார். இந்தியாவில் எந்த மாகாணமும் அதுவரை செய்யாத காரியம் அது. வருஷ விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்தவருக்கு வரியில்லை. 20,000 வரையில் மாதம் 5 ரூபாய். அதற்கு மேற்பட்டால் விற்றுமுதலில் நூற்றுக்கு அரை ரூபாய். கேட்பதற்கு அற்பமாகத்தான் இருந்தது. ஆயினும் மொத்த வியாபாரி விற்கும்போது ஒரு முறை, இடைத்தரகு வியாபாரி விற்கும்போது ஒரு முறை, சில்லறைக் கடைக்காரர் விற்கும்போது இன்னொரு முறை என்று கைமாறும் இடந்தோறும் அது விழுந்தது. அதைக் காட்டிலும், அதுவரை தன் கண்ணுக்கும் தன் கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கும் மட்டுமே உரியதாக இருந்த பேரேட்டை ஒரு சர்க்கார் சிப்பந்தியின் முன் விரித்துக் காட்ட வேண்டியிருந்ததே, அதுதான் வியாபாரியின் நெஞ்சைக் குத்தியது. எதிர்ப்புக்குக் குறைவில்லை, மசோதாவோ சட்டமாயிற்று. 159-க்கு முன் 6 என்ன செய்யும்!

விற்பனை வரியின் தந்தையாகிய இதே ராஜாஜி, 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யத்துக்கு எதிராக வியாபாரிகளின் சார்பில் முழங்கினார் என்பதும், அதே 1959-ல்தான் பழைய விற்பனை வரிச் சட்டம் நீங்கிப் புதிய சட்டம் அமலுக்கு வந்தது என்பதும், சரித்திரம் செய்யும் குறும்புகளில் சேர்ந்தவை.

அந்த இருபது ஆண்டுகளில் வணிகர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். வரி வேண்டாம் என்ற கூச்சலால் அவர்கள் அடைந்தது சொற்பம். 'விற்றுமுதல்' என்றால் எது, எந்தச் சரக்குக்கு எந்தக் கட்டத்தில் வரி, திருப்பி வந்த சரக்குக்கு வரி உண்டா, சாக்கின் விலை சர்க்கரை விலையோடு சேருமா சேராதா என்று நுணுகி நுணுகிக் கேட்ட கேள்விகளால் அடைந்ததே மிகுதி. மந்திரிக்கு லட்சியம் தெரியும், அதிகாரிக்குச் சட்டம் தெரியும், மூட்டை எந்த வழியாகக் கை மாறுகிறது என்பது தெரிந்தவன் வியாபாரி ஒருவனே. அந்த அறிவுதான் வர்த்தக சபையின் உண்மையான மூலதனம் என்று எனக்குத் தோன்றுகிறது, வாக்குகள் அல்ல.

வாக்குகள்தாம் விரைவில் போய்விட்டனவே! வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த அரசியல் சாசனம் வர்த்தகத் தொகுதிகளைத் துடைத்தெறிந்தது. 1952-ல் கூடிய சட்டசபையில் எந்தச் சங்கத்துக்கும் தனி இடமில்லை. மேல்சபையிலாவது ஒரு மூலை கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை: சாசனத்தின் 171-ஆம் பிரிவு பட்டதாரிகளுக்கு இடம் தந்தது, ஆசிரியர்களுக்குத் தந்தது, இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் சிறந்தோரை நியமிக்கலாம் என்றது, கூட்டுறவுப் பண்டகசாலைக்காரருக்கு இருந்த வாசல் மளிகைக் கடைக்காரருக்கு இல்லை. 1986 நவம்பர் 1 முதல் தமிழகத்தில் அந்த மேல்சபையும் இல்லாமற்போயிற்று.

ஆகவே இன்றைய வர்த்தக சபை, மசோதா சட்டசபைக்கு வருமுன்பே தன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சபையில் மசோதா அறிமுகமான சில நாட்களில், சில சமயம் ஒரே நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகிறது. தேர்வுக் குழுவுக்குப் போய் வரிக்கு வரி அலசப்படுவது அபூர்வம். அதனால்தான் வரவுசெலவுத் திட்டத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம் முக்கியமாகிறது. சட்டம் நிறைவேறிய பிறகும் அதன் கீழ் விதிகள் இயற்றப்பட வேண்டும். பல சட்டங்கள் அவ்விதிகளின் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்ட பின்பே இறுதி செய்ய வேண்டும் என்கின்றன. சாதாரணக் குடிமகன் அரசிதழைப் பார்த்திருக்கவே மாட்டான். வர்த்தக சபைச் செயலாளருக்கோ அதுவே காலைப் பத்திரிகை.

வணிகர் என்று பொதுவாகச் சொல்லும்போது ஒரு மயக்கம் நேர்கிறது. 1924-ல் மதுரை-ராமநாதபுரம் வர்த்தக சபையாகப் பிறந்து இன்று தமிழ்நாடு வர்த்தக சபையாக இருப்பதைப் போன்ற ஸ்தாபனங்கள் காகிதத்தால் பேசுகின்றன. ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதியை வணிகர் தினமாகக் கொண்டாடி, கடைகளுக்கு விடுமுறை விட்டு மாநாடு கூட்டும் வணிகர் சங்கப் பேரமைப்புகளோ கதவடைப்பால் பேசுகின்றன. மதிப்புக் கூட்டு வரியைப் பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டபோது, தமிழ்நாட்டில் அது 2007 ஜனவரி 1 வரை தள்ளிப்போனதற்கு வணிகர்களின் எதிர்ப்பு ஒரு காரணம். காகிதமும் கதவடைப்பும் கைகோத்தால் அரசு சற்றுத் தயங்கவே செய்கிறது.

எனினும் எல்லாத் தயக்கமும் வணிகர் பக்கமே சாய்வதில்லை; சாயவும் கூடாது. 2021 செப்டம்பரில் நிறைவேறிய கடைகள், நிறுவனங்கள் சட்டத் திருத்தம், கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்றது. சட்டசபையில் ஆசனம் பறிபோனதை நினைத்து வருந்திய வர்க்கம், தன் கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணுக்கு ஓர் ஆசனம் தேவை என்பதைத் தானாகவே நினைத்திருக்கலாம்; அதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, சில தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடந்தரும் மசோதா, முதலீடு செய்ய வருவோர் வளைந்துகொடுக்கும் வேலை நேரத்தை எதிர்பார்க்கிறார்கள் என்ற சமாதானத்தோடு சட்டசபையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, அது முதலில் நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று கைவிடப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சட்டசபையின் ஒப்புதலைப் பெற்ற ஒன்று பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் நிலைமை மறுபடி மாறிவிட்டது. விகிதத்தைப் பரிந்துரைப்பது இப்போது மத்திய நிதியமைச்சரின் தலைமையில் கூடும் கவுன்சில். அதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுக்கு, மிச்சத்தை எல்லா மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கோயம்புத்தூர் மாவு கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி தின்னாத ஊர்க்காரருக்கு அது இன்னதென்றே விளங்காத பொருள். கல் பொருத்திய அந்தக் கிரைண்டருக்கு முதலில் 28 சதவிகிதம், முறையீட்டின் மேல் முறையீடாகப் போய் 2017 நவம்பரில் 12, 2019-ல் 5, பிறகு 2022 ஜூலையில் 18. குவாஹாத்தியிலும் கோவாவிலும் சண்டிகரிலும் கூடிய கவுன்சில் கூட்டங்களில் நமது மாவரைக்கும் கல் ஏறி இறங்கிய கதை இது.

தீப்பெட்டிக்காரர்களின் அனுபவமும் இத்தகையதே. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்து உற்பத்தியாளர்கள், வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து குவிந்த, ஒருமுறை தீர்ந்தால் எறிந்துவிடும் சிகரெட் லைட்டர்களால் தங்கள் தொழில் நசிகிறது என்று மாநில அரசிடம் முறையிட்டார்கள். இறக்குமதியைத் தடுக்கும் அதிகாரம் மாநில சட்டசபைக்குக் கிடையாது. ஆகவே முதலமைச்சர் 2022 செப்டம்பரில் டில்லிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூன் இறுதியில், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை விதித்து மத்திய அரசின் அறிவிக்கை வெளிவந்தது. வர்த்தகர்கள் கோட்டை வாசலில் கொடுத்த மனு, கோட்டையின் முத்திரையோடு இன்னொரு வாசலில் போய் ஒன்பது மாதம் காத்திருந்தது.