லாபம் ஏறுது, காசு எங்கே? கூட்டு முதலீட்டுக் கணக்கு இப்படித்தான்!

இராஜாக்கமங்கலம் துறையில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வள்ளம் வாங்குறாங்கன்னு வைச்சுக்குவோம். வலை, மண்ணெண்ணெய், கடன், மீன் விற்ற காசு எல்லாமே பாதிப் பாதி. அவரவர் பாதியை அவரவர் நோட்டில் எழுதிக்கலாம். கணக்கியலில் இதற்குப் பெயர் ‘கூட்டுச் செயல்பாடு’. வங்கக்கடலில் உள்ள பிஒய்-3 எண்ணெய் வயலும் இந்த ரகம்தான். அதில் 21% பங்கு வைத்துள்ள ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன், சொத்து, கடன், வருவாய், செலவு நாலிலும் தன் பங்கைத் தனித்தனியா காட்டணும். இந்தியக் கணக்கியல் தரநிலை 111 சொல்வது இது.

டைட்டன் கதை வேற. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. பேர் டாடா என்றாலும், தனிப் பங்குதாரராக அதிகம் வைத்திருப்பது டிட்கோதான்: 27.88%. பொதுவாக 20% தாண்டினாலே ‘இணை நிறுவனம்’ என்கிறது தரநிலை 28. அதன்படி, டைட்டனின் கடையோ நகையோ முதலீட்டாளரின் ஒருங்கிணைந்த கணக்கில் வராது. ஒரே ஒரு வரிதான். டைட்டன் 100 ரூபாய் சம்பாதித்தால், லாபத்தில் 27.88 ரூபாய் ஏறும், முதலீட்டு மதிப்பும் அதே அளவு ஏறும்.

ஆனா கையில் காசு? டிவிடெண்ட் வந்தால்தான். அதையும் மறுபடி வருமானமா எழுத முடியாது. முதலீட்டு மதிப்பில் கழிக்கணும். தனிக் கணக்கில் மட்டும் டிவிடெண்ட் வருமானம்தான். ஒரே கம்பெனிக்கு ரெண்டு லாபம் தெரிய இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஷேர் வாங்கும் முன் ‘இணை நிறுவன லாபப் பங்கு’ எவ்வளவுன்னு பாருங்க. பெரிய தொகையா இருந்தா, அதில் எவ்வளவு டிவிடெண்டா வந்திருக்குன்னு பணப்புழக்க அறிக்கையில் தேடுங்க.